"எந்த ஆக்டிவிட்டி போட்டா ஐவி லீக் கிடைக்கும், மேடம்?"

ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கையோடு பெற்றோரிடமிருந்து வரும் அழைப்புகளில் இந்தக் கேள்வி இல்லாமல் இருக்காது. ஆக்டிவிட்டி என்றால் பாடத்துக்கு வெளியே பிள்ளை செய்பவை; ஐவி லீக் என்றால் ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். வெளிநாட்டில் இளங்கலை படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு விண்ணப்ப ஆலோசனை சொல்வது என் தொழில். "செஸ்ஸை நிறுத்திட்டு ரோபோடிக்ஸ்ல சேர்க்கலாமா?" என்பார்கள். "பொண்ணுக்கு அரங்கேற்றம் ஆயிடுச்சு, கூடவே ஒரு என்ஜிஓ ஆரம்பிச்சுட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்ல?" என்பார்கள். அதற்கு முந்தின வாரம்தான் யாரோ ஒருவர் பிள்ளைக்குப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்த கதை அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஓடியிருக்கும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் போட்டு ஆக்டிவிட்டி சேர்ப்பதால் பலன் கொஞ்சம் உண்டு. ஆனால் அது மிகச் சில கல்லூரிகளில்தான் செல்லும். அங்கேயும் மார்க்கில் தேறியவர்களுக்குத்தான். அவர்களிலும் பணமும் ஓய்வு நேரமும் ஏற்கெனவே உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். காசு கொடுத்து வாங்கும் 'ப்ரொஃபைல்' சமாச்சாரங்களோ, நான் பார்த்தவரை, வாங்கின விலைக்குப் பெறாது.

பிள்ளை எங்கே படிக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம்மூர் பொறியியல் கலந்தாய்வில் 200-க்கு எவ்வளவு கட்-ஆஃப் என்பது ஒன்றே பேச்சு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பேச்சுப் போட்டிக் கோப்பைக்கு அங்கே வேலையில்லை. ஐஐடி என்றால் ஜேஇஇ. சென்னை ஐஐடி 2024-ல் விளையாட்டு வீரர்களுக்காக ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் 2 கூடுதல் இடங்களை ஒதுக்கியது, அதில் ஒன்று பெண்களுக்கு. அடுத்த ஆண்டே கலைகளுக்கும் அப்படி ஒரு வழி திறந்தது. செய்தி வந்ததும் என் போன் ஓயவில்லை. ஆனால் அந்த விளையாட்டு இடத்துக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் பதக்கமும் வாங்கியிருக்க வேண்டும். தெருமுனை அகாடமி கொடுத்த ஷீல்டை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது.

இங்கிலாந்தில் கதை வேறு. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் பிள்ளை எத்தனை மன்றங்களில் இருந்தது என்பதில் அக்கறை கிடையாது. எடுக்கப் போகும் பாடத்தை ஒட்டிப் பள்ளிப் பாடத்துக்கு வெளியே என்ன படித்தது, என்ன யோசித்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். 'சூப்பர் கரிக்குலர்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2026 சேர்க்கையிலிருந்து பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத்தில் கட்டுரை போய் மூன்று கேள்விகள் வந்துவிட்டன. மொத்தம் 4,000 எழுத்துகள். வகுப்புக்கு வெளியே செய்ததைப் பற்றிக் கேட்பது அதில் ஒன்றுதான், அதுவும் அந்தப் படிப்புக்கு எப்படித் தயார்படுத்தியது என்ற கோணத்தில்.

ஆக, மிச்சம் அமெரிக்கா. அங்கேயும் எல்லாக் கல்லூரிகளும் ஆக்டிவிட்டியைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மார்க்கும், எடுத்த பாடங்களின் தரமும்தான் பேசும். எது எப்படி என்று தெரிந்துகொள்ள எந்தக் கன்சல்டன்டுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணம் அது. அதில் சி7 என்ற பகுதியில் மார்க், கட்டுரை, சிபாரிசுக் கடிதம், ஆக்டிவிட்டி, குணநலன் என்று ஒவ்வொன்றுக்கும் 'மிக முக்கியம்', 'முக்கியம்', 'கருத்தில் கொள்ளப்படும்', 'கருத்தில் கொள்ளப்படாது' என்று கல்லூரியே டிக் அடித்திருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கெல்லாம் இதைப் பார்த்துவிட்டால் பாதி பதற்றம் போய்விடும்.

உச்சத்தில் இருக்கும் கல்லூரிகள் உள்ளே எப்படி மதிப்பிடுகின்றன என்பது பொதுவாக வெளியே தெரியாது. ஹார்வர்டு விஷயத்தில் மட்டும் தெரிந்தது. அவர்களுடைய சேர்க்கை முறையை எதிர்த்து 2018-ல் நடந்த வழக்கு விசாரணையில் அவர்களுடைய உள்குறிப்புகள் நீதிமன்றத்துக்கு வந்தன. படிப்பு, ஆக்டிவிட்டி, விளையாட்டு, குணநலன் என்று தனித்தனி மதிப்பெண் போடுகிறார்கள். ஆக்டிவிட்டியில் 1 வாங்க வேண்டுமென்றால் தேசிய அளவிலான சாதனையோ, தொழில்முறை அனுபவத்துக்கு நிகரான ஒன்றோ வேண்டும். வகுப்புத் தலைவர், பள்ளிப் பத்திரிகை ஆசிரியர் போன்றவர்கள் 2. கலந்துகொண்டார், ஆனால் தனித்துத் தெரியவில்லை என்றால் 3. நம் பெற்றோர் லட்சக்கணக்கில் செலவழித்து நிரப்பும் பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த 3-ல்தான் போய் விழும் என்பது என் கணிப்பு. அதே வழக்கில் வெளிவந்த இன்னொரு விவரம்: ஒரே ஆண்டு விண்ணப்பித்தவர்களில் 8,000 பேருக்கு மேல் பள்ளி மார்க்கில் முழுமை பெற்றவர்கள். சேர்க்கை அனுமதி கிடைத்தது சுமார் 2,000 பேருக்கு. முழு மார்க் வாங்கினால்கூட வரிசையில் நிற்க அனுமதிதான்.

அந்தக் குறிப்புகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 5. அது 4-க்கும் கீழான தரம் இல்லை. வழக்கமான ஆக்டிவிட்டிகளுக்கு வெளியே, குடும்பப் பொறுப்பு, படித்துக்கொண்டே வேலை என்று கணிசமாக எதையாவது செய்தவர்களுக்கான தனி அடையாளம் அது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்திலும் ஆக்டிவிட்டி வகைகளில் சம்பள வேலையும் குடும்பப் பொறுப்பும் உண்டு. நம்மவர்கள் அந்த இரண்டையும் தொடுவதே இல்லை. வெட்கம்.

திருப்பூர்ப் பையன் ஒருவன். அப்பாவுக்கு, கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட், கொஞ்சம் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள். அவன் எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் மாடல் யுஎன் என்ற மாதிரி ஐ.நா. விவாதம், பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம், ஆன்லைனில் வாங்கிய லீடர்ஷிப் சான்றிதழ் எல்லாம் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஏன் பேச வரமாட்டேன் என்கிறாய் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அன்றைக்குச் சம்பள நாள். எந்த டெய்லர் எத்தனை பீஸ் தைத்தார், எந்த ஸ்டைலுக்கு என்ன ரேட், வாரத்தில் யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார்கள் என்று நோட்டில் உள்ளதையெல்லாம் எக்செல்லில் ஏற்றிக் கணக்கு முடித்துக் கவர் போடுவது அவன் வேலை. பத்தாம் வகுப்பிலிருந்து செய்கிறான். அவன் ஷீட் வந்த பிறகு சம்பளத் தகராறு குறைந்துவிட்டது என்று அப்பாவே சொன்னார். எழுதச் சொன்னதும் அதே அப்பா, "அதெல்லாம் எப்படிங்க மேடம் எழுதறது, வீட்டு வேலை தானுங்களே?" என்றார்.

காமன் ஆப்பில் 10 ஆக்டிவிட்டி எழுதலாம். ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துதான் இடம், ஆங்கிலத்தில் இருபது, இருபத்தைந்து சொல் தேறும். "சுற்றுச்சூழல் விழிப்புணர்வை ஏற்படுத்தித் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்" என்று அவன் முதலில் எழுதியிருந்தான். அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், உண்மையில் எல்லோரும் எழுதுகிறார்கள். "பீஸ் ரேட் சம்பளக் கணக்கு, அட்வான்ஸ் கழிவு, நோட்டுக் கணக்கை ஷீட்டாக மாற்றினேன், சனிக்கிழமை தோறும்" என்பதை அந்த யூனிட்டில் உட்கார்ந்தவன்தான் எழுத முடியும். இந்த ஒரு வரியால் இடம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எந்த வரிக்காக இடம் கொடுத்தோம் என்று எந்தக் கல்லூரியும் சொல்வதில்லை.

பட்டியல் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது மணிக்கணக்கைத்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்று ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும் எழுத வேண்டும். கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை பள்ளி, டியூஷன் போக வாரத்துக்கு 60 மணி நேரம் ஆக்டிவிட்டி செய்ததாக வரும். விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிகளுக்கும் கூட்டல் தெரியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஒவ்வோர் ஆண்டும் சில விண்ணப்பங்களைப் பொறுக்கி எடுத்து, எழுதியதற்கு ஆதாரம் கேட்கிறது. மற்ற இடங்களிலும் ஆசிரியரின் கடிதம் இருக்கிறது. பிள்ளை தன்னை அறிவியல் மன்றத்தின் தூணாக எழுதியிருக்க, இயற்பியல் ஆசிரியர் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையென்றால் அதுவே ஒரு பதில்தான்.

இப்போது சந்தைக்கு வருவோம். பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயரில் டிரஸ்ட், வெப்சைட், லோகோ, கிராமத்துப் பள்ளியில் நோட்டுப் புத்தகம் கொடுக்கும் நாலு போட்டோ. பணம் கட்டினால் வெளியிடும் 'ஆய்விதழில்' ஒரு கட்டுரை, அதை முக்கால்வாசி எழுதிக் கொடுக்க ஒரு 'மென்டர்'. பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு வாரக் கோடை முகாம், பணம் கட்டியவர்களுக்கெல்லாம் இடம். இவற்றை வாங்கும் பெற்றோர்மீது எனக்குக் கோபம் இல்லை, பயம் மனிதரை எதையும் வாங்க வைக்கும். ஆனால் அதே பேக்கேஜை அதே ஏஜென்சி எத்தனை பேருக்கு விற்றிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் தீரும். கல்லூரிச் சேர்க்கை முடிந்த மாதமே அந்த டிரஸ்டின் இன்ஸ்டாகிராம் பக்கம் உறங்கிப் போவதை அட்மிஷன் அதிகாரிகளும் பார்த்திருக்கிறார்கள்.

கல்லூரிகளே இந்த ஓட்டத்தைக் குறைக்கப் பார்க்கின்றன. ஹார்வர்டின் கல்வியியல் பள்ளியிலிருந்து 2016-ல் வந்த ஓர் அறிக்கை, பொருட்படுத்தத்தக்க இரண்டு மூன்று ஆக்டிவிட்டிகளே போதும் என்று விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்றது. எம்ஐடி தன் விண்ணப்பத்தில் 4 மட்டும் கேட்கிறது. லாஃபயெட் கல்லூரி 2023-ல் இனி 6-க்கு மேல் பார்க்கமாட்டோம் என்று அறிவித்தது.

அப்படியானால் எல்லாம் நேர்மையாக நடக்கிறதா என்றால், இல்லை. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் வேறு இரண்டு பொருளாதார அறிஞர்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் துருவிப் பார்த்தது. ஐவி லீக் முதலான 12 கல்லூரிகளில், ஒரே நுழைவுத் தேர்வு மதிப்பெண் உள்ள நடுத்தரக் குடும்பப் பிள்ளையைவிட, வருமானத்தில் உச்ச 1 சதவீதத்தில் உள்ள வீட்டுப் பிள்ளை சேர்வதற்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம். காரணங்களாக அவர்கள் சொன்னவை மூன்று: முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்கான சலுகை, விளையாட்டு வீரர் சேர்க்கை, ஆக்டிவிட்டி உள்ளிட்ட படிப்பு சாராத மதிப்பீடுகள். பின்னாளில் பிள்ளைகள் எப்படி வருகிறார்கள் என்று பார்த்தால், இந்த மூன்றுக்கும் வெற்றிக்கும் தொடர்பு தெரியவில்லை. படிப்பு சார்ந்த மதிப்பீட்டுக்குத் தெரிந்தது. அதாவது ஆக்டிவிட்டி உதவத்தான் செய்கிறது, உதவி யாருக்குப் போகிறது என்பதில்தான் சிக்கல். அமெரிக்கப் பணக்காரக் குடும்பத்தோடு அந்த ஆட்டத்தை ஆட வேலூரிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உண்மையிலேயே எடை உள்ள ஆக்டிவிட்டி ஒன்று உண்டு, விளையாட்டு. பள்ளி அணியில் ஆடியதைச் சொல்லவில்லை, கல்லூரிப் பயிற்சியாளரே தேடி வந்து பட்டியலில் சேர்க்கும் அளவிலான ஆட்டம். அந்த எடை எவ்வளவு என்பதற்கு 2019-ல் அமெரிக்காவில் வெடித்த ஊழலே சாட்சி. வாட்டர் போலோ, பாய்மரப் படகு என்று பிள்ளைகள் தொட்டே பார்க்காத ஆட்டங்களில் அவர்களை வீரர்களாகக் காட்டப் பணக்காரப் பெற்றோர் லஞ்சம் கொடுத்தார்கள், போட்டோவையே வெட்டி ஒட்டினார்கள். இடைத்தரகருக்கு 2023-ல் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை. நேர்வழியில் போனவர்களும் நம்மிடையே உண்டு. சென்னை ஸ்குவாஷ் அகாடமியில் பயின்ற வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். ஆனால் அந்த இடத்துக்குப் பின்னால் சின்ன வயதிலிருந்து கோர்ட்டில் கழிந்த காலைகள் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் 'ஸ்ட்ராடஜி'யாக ஆரம்பித்து அங்கே போய்ச் சேர முடியாது.

அந்தப் பரதநாட்டியப் பெண்ணின் அம்மாவுக்கு நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். என்ஜிஓ வேண்டாம். அரங்கேற்றம் மட்டும் தனியாக நின்றால் அமெரிக்காவில் நம்மவர் பிள்ளைகள் அனுப்பும் நூற்றுக்கணக்கான அரங்கேற்றங்களோடு கலந்துவிடும். ஆனால் அவள் தன் குருவின் வகுப்பில் சனி, ஞாயிறு சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுக்கிறாள். ஜதிக் கணக்கைக் கணிதமாகப் பார்க்கும் பழக்கமும் உண்டு. அதை இன்னும் இரண்டு வருடம் தொடரட்டும், என்ஜிஓவுக்குச் செலவழிக்கவிருந்த பணத்தை வங்கியில் போடுங்கள் என்றேன். செஸ் பையனுக்கும் இதே கதைதான். சர்வதேச செஸ் கூட்டமைப்பு தரும் ஃபிடே ரேட்டிங் ஏறிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வேறொன்றைத் தொடங்கினால், யாரும் சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணைத் தூக்கியெறிந்துவிட்டு யாருக்கும் புரியாத ஒரு சான்றிதழை வாங்கியதாக ஆகும்.

ஆக்டிவிட்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்றைப் பெற்றோர் கடைசியில்தான் கேட்கிறார்கள்: கட்டணம். ஹார்வர்டு போன்ற கல்லூரியில் தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். உதவித்தொகை கேட்டிருப்பதைப் பார்க்காமலே வெளிநாட்டு மாணவருக்கு இடம் கொடுத்து, தேவையான பணத்தையும் முழுமையாகத் தரும் கல்லூரிகள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றப் பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டால் அதுவே தேர்வைப் பாதிக்கும். அதனால் முதல் சந்திப்பில் நான் கேட்பது, வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும், கடன் எவ்வளவு வாங்கத் துணிவீர்கள் என்பதைத்தான். அந்தத் தொகை தெரிந்தால் பட்டியலில் பாதிக் கல்லூரிகள் தானாகக் கழன்றுகொள்ளும். மிச்சம் உள்ளவற்றின் சி7 பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த சந்திப்பில் ஆக்டிவிட்டி பேசலாம்.