போட்டோ எடிட்டிங் கம்ப்யூட்டரா? மானிட்டரை முதலில் பாருங்கள்

கல்யாணப் படம் எடுப்பவர்கள் வீட்டிலேயே எடிட்டிங் செய்ய டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணித் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். பலர் கையில் ஏற்கெனவே ஒரு கொட்டேஷன் இருக்கும். விலை கூடிய கேமிங் கிராபிக்ஸ் கார்டு, கலர் கலராக லைட் எரியும் கேபினட், கடைசி வரியில் மிச்சக் காசுக்கு ஒரு மானிட்டர். அதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. படத்தைப் பார்த்துத் திருத்துவதுதானே வேலை? பார்க்கிற திரையிலேயே காசை மிச்சம் பிடிக்கலாமா?

முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான பேனலில் அந்தச் சிவப்பு மங்கித் தெரியும். உடனே சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அழுத்தத்தை, ஏற்றுவோம். பிரிண்டில் சரிகையும் மடிப்பும் காணாமல் போய், புடவை முழுக்க ஒரே சிவப்புத் திட்டாக வந்து நிற்கும். அப்புறம் பிரிண்ட் போடும் லேப்காரரோடு சண்டை. பாவம், அனுப்பிய ஃபைலைத்தான் அவர் அடித்துத் தந்திருப்பார்.

மானிட்டர் விவரத்தில் 'என்டிஎஸ்சி 45%' என்று இருந்தால் வேண்டாம். என்டிஎஸ்சி என்பது பழைய டிவி வண்ண அளவுகோல். எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த மானிட்டரில் தெரியாது. எஸ்ஆர்ஜிபி என்பது எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் கொண்டுவந்த வண்ண அளவுகோல். இன்றும் பெரும்பாலான லேப்கள் அதில்தான் ஃபைல் கேட்கின்றன. ஆகவே எஸ்ஆர்ஜிபி 99 சதவீதத்துக்குக் குறையாத ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) வாங்குங்கள். விஏ என்ற இன்னொரு வகையில் வரும் வளைந்த திரை பார்க்க அழகுதான், ஆனால் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே நிழல் பகுதிகளின் அடர்த்தி மாறும்.

நல்ல மானிட்டர் வாங்கியவர்களும் 'பிரிண்ட் இருட்டா வருது' என்பார்கள். புது மானிட்டர் பெட்டியிலிருந்து வரும்போது 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தில் இருக்கும். அதில் இருட்டான படம்கூடப் பளிச்சென்று தெரியும். பிரிண்டுக்கான வேலையை 80 முதல் 120 நிட்ஸுக்குள் வைத்துச் செய்ய வேண்டும். திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளக்க கலரிமீட்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. தனியாக வாங்குவது கஷ்டம் என்றால், ஊரிலுள்ள போட்டோகிராபர் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுங்கள். திரையின் நிறம் நாளாக நாளாக மாறும் என்பதால் ஒரு தடவை அளந்தால் போதாது.

மற்றவை சுலபம். இப்போதைய தலைமுறையில் ஆறு கோர் பிராசசர் போதும். ரேம் 16 ஜிபி குறைந்தபட்சம். ஆல்பம் ஷீட்டில் லேயர் அடுக்குபவர்களுக்கு 32 தேவை, அதையும் இரண்டு 16 ஆகப் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டு உங்கள் வேலையைப் பொறுத்தது. வெளிச்சமில்லாத மண்டபத்தில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்து, அதனால் வரும் புள்ளிகளை நீக்க லைட்ரூமில் 2023-இல் வந்த ஏஐ டீநாய்ஸ் போடுபவர் என்றால் 8 ஜிபி மெமரி உள்ள கார்டு வாங்குவது நியாயம். கலர் திருத்தி கிராப் மட்டும் செய்பவருக்கு பிராசசரோடு வரும் கிராபிக்ஸே பெரும்பாலும் போதும். அந்தக் காசு மானிட்டருக்குப் போகட்டும்.

ஆபீஸில் கழித்த பழைய சிஸ்டம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் பிராசசரின் தலைமுறையைக் கேளுங்கள். இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

கேபினட்டோடு இலவசமாகத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை (உள்ளே மின்சாரம் தரும் பெட்டியை) நம்பாதீர்கள். அதை மட்டும் தரமானதாகக் கேட்டு வாங்கி, யுபிஎஸ்ஸும் வையுங்கள். கரண்ட் போய் வரும் ஊரில் இது கட்டாயம்.

வேகத்துக்கு என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) நல்லதுதான். ஆனால் அது பழுதானால் பல சமயம் முன்னறிவிப்பே இருக்காது, உள்ளே இருப்பதை மீட்பதும் கஷ்டம். ஒரு வீட்டுக் கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியாது. வேலை செய்யும் டிஸ்க்கைத் தவிர, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு நகல் வைத்து, அதை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இரண்டு நகலையும் திறந்து பார்க்கும்வரை மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள்.