சாரம், சென்ட்ரிங், முட்டு: கட்டுமானப் பணியிடத்தின் விதிகளும் பயிற்சியும்

வேலை முடிந்ததும் பிரித்தெடுக்கப்படும் சாரம், கான்கிரீட் வார்ப்பதற்கான அச்சான சென்ட்ரிங், அதைத் தாங்கும் முட்டுகள், அடித்தளக் குழியின் பக்கச் சரிவைத் தடுக்கும் பலகைகள் ஆகியவை தற்காலிக அமைப்புகள் எனப்படும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்துச் சிறு பணிகள் பலவற்றில் கட்டடத்துக்குப் பொறியாளரின் வரைபடம் இருக்கும். இவற்றுக்கோ மேஸ்திரியின் கண் மதிப்பீடே துணை. சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்பதில்லை.

கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம், 2020, கடந்த 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்துக்கு முரணாகாத பழைய விதிகள், மாற்று விதிகள் வரும் வரை தொடரும். சாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கும் முன் பொறுப்பான நபர் ஒருவர் அதை ஆய்வு செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கட்டுமானமும், சொந்தக் குடியிருப்புக்காக 50 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் கட்டும் வீடும் பொதுவாக இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. 250 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டும்.

அதிகம் மீறப்படுவது முட்டு பிரிக்கும் காலக்கெடுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456:2000 நெறிமுறைப்படி, தாங்கும் சுவர்கள் அல்லது உத்தரங்களுக்கிடையே 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்தின் முட்டுகளை, கான்கிரீட் வார்த்த பின் 7 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாட்களும், 6 மீட்டருக்கு மேல் நீளும் உத்தரத்துக்கு 21 நாட்களும் எடுக்கக் கூடாது. இக்கணக்கு சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு உரியது. நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. (போர்ட்லண்ட் போசலானா சிமென்ட்) மூட்டை மெதுவாக இறுகும் என்பதால், அதைப் பயன்படுத்தும்போது பொறியாளரைக் கேட்டு நாட்களைக் கூட்ட வேண்டும். முட்டாக நிறுத்தும் ஜாக்கிக்கும் சென்ட்ரிங் தகட்டுக்கும் நாள் வாடகை ஏறுகிறது என்பது உண்மைதான்; ஆனால் அந்தக் கணக்கைத் தளம் வார்க்கும் முன்பே ஒப்பந்தத்தில் போட்டுவிட்டால், பிறகு அவசரப்பட வேண்டியிருக்காது. முட்டு அமைப்பதற்கென்றே ஐ.எஸ். 14687:1999 இருக்கிறது.

மண்ணிலும் கவனம் வேண்டும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குப் பக்கத் தாங்கல் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அந்தத் தொலைவுக்கு அப்பால் கொட்ட வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் வெயிலில் கல்போல் நிற்கும். ஒரு மழைக்குப் பின் அதே சுவரை நம்ப முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று, வலைத்துணி கட்டிய சாரத்தை இழுக்கும் என்பதால், அந்த மாதங்களில் சுவருடன் பிணைக்கும் கட்டுகளைக் கூட்டி, பலத்த காற்றுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சோதிப்பது நல்லது.

உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான ஐயம் எழுந்தால், தொழிலாளி அதை வேலையளிப்பவரிடம் தெரிவிப்பதோடு, அரசு ஆய்வாளரிடமும் தெரிவிக்கச் சட்டம் உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் இதற்குரிய துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

பயிற்சி அளிப்பது வேலையளிப்பவரின் கடமை. இந்தியும் ஒடியாவும் பேசுவோரிடம் தமிழில் நாலு வார்த்தை சொல்லி, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதைப் பயிற்சி என்று கொள்ள முடியாது. சாரம் கட்டுதல், ஷட்டரிங் (கான்கிரீட் அச்சு) தச்சு ஆகியவற்றுக்குத் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்கீழ் சான்றிதழ் உண்டு. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேர்வெழுதியும் அதைப் பெறலாம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியமும் உறுப்பினர்களுக்குத் திறன் பயிற்சி நடத்துகிறது. 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் இணைய வழியில் பதிவு செய்யலாம். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், பணிச்சான்று ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் தேங்கினால், அந்தந்த மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தை நேரில் அணுகலாம்.