ஈர டென்டைப் பரணில் போடாதீர்கள்

டென்ட், ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு விடும் எங்கள் கடைக்கு இந்த வாரமும் அப்படி ஒன்று வந்தது. மே மாதம் இமயமலை போய்வந்து, பரணில் ஏறி, நவம்பரில் இறங்கிய டென்ட். உறையிலிருந்து இழுத்தால் துணியோடு துணி ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று வருகிறது. வாந்தி நாற்றம். தையல் மேலிருந்த டேப் முழ நீளத்துக்குக் கழன்று தொங்குகிறது. "அதிகம் யூஸே பண்ணல சார், மறுபடி கோட்டிங் போட்டுத் தர முடியுமா?" இந்த நிலைக்கு வந்தபின் அது வீண் செலவு.

"வாட்டர்ப்ரூஃப்தானே, ஈரம் பட்டால் என்ன?" என்று கேட்காதவர் இல்லை. ஐயா, தண்ணீரைத் தடுப்பது துணி அல்ல. பெரும்பாலான டென்ட்களில் துணியின் உட்புறம் பூசிய மெல்லிய பாலியூரித்தேன் படலம்தான் தடுக்கிறது. இரவெல்லாம் கொட்டும் மழையை அது தாங்கும். மாதக்கணக்கில் புழுங்கும் ஈரத்தையும் சூட்டையும் தாங்காது. படலமே ரசாயன ரீதியாகச் சிதைந்துபோகும். ஹைட்ராலிசிஸ் என்பது இதுதான். சென்னைக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். அதிலும் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண், கேட்கவா வேண்டும்? "ஓரளவு காய்ந்துவிட்டது" என்று சுருட்டிய டென்டும் கெடும். பிரிக்காத புது டென்டும் கெடும். சிலிக்கான் பூசியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பூஞ்சை அவற்றையும் விடாது.

அதற்காக உச்சி வெயிலில் மாடியில் விரிக்காதீர்கள், நைலான் நொந்துவிடும். ஃபேனுக்கு அடியில் ஓர் இரவு போதும். கம்பி நுழையும் பட்டை, மடிப்பு மூலை, நாடா, இவற்றைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு தளர்வாகப் பருத்திப் பையில் போட்டு அலமாரியில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை உதறிக் காற்றாட விடுங்கள்.

ஸ்லீப்பிங் பேகையும் வருடம் முழுக்க அதன் குட்டிப் பைக்குள் திணித்து வைக்காதீர்கள். உப்பியிருந்தால்தான் கதகதப்பு. பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி வைத்தாலே போதும். இறகு அடைத்தது என்றால் டிரை கிளீனிங் வேண்டாம், துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதன்மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வெப்பநிலை எண்ணை நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தர முறையில் சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதற்கான கணக்கு, தூங்குவதற்கு அல்ல. கம்ஃபர்ட் எண்ணைப் பாருங்கள். நம் ஊர் உடம்புக்கு, போகும் இடத்துக் குளிரைவிட ஐந்து டிகிரி குறைவான கம்ஃபர்ட் எண் உள்ளதாக வாங்குங்கள். அடியில் நல்ல மேட் இல்லையென்றால் எந்தப் பையும் உதவாது. முதுகு நசுக்கிய பக்கத்தில் கதகதப்பு ஏது?

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன்: எவ்வளவு குளிர்ந்தாலும் டென்டுக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும் வாயு, அதற்கு வாசனை கிடையாது.

வாடகைக்கு எடுத்தவர்கள், ஈரமாகத் திருப்பிக் கொடுத்தால் "ஈரம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். திட்ட மாட்டேன், காயவைப்பது எங்கள் வேலைதான்.