தேய்ந்த பல்லுக்குப் பின்னால் தேயாத பல்: பழைய டிராக்டரின் ஸ்டியரிங்

எழுபது வயதைத் தாண்டிய டிராக்டரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங் வீலை ஆட்டினால், பல வண்டிகளில் அது கொஞ்ச தூரம் சும்மா ஆடும். முன் சக்கரம் அசையவே அசையாது. இந்த ஆட்டத்தை மெக்கானிக்குகள் ‘ப்ளே’ என்பார்கள். எங்கேயோ ஒரு போல்ட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது தப்பான வைத்தியம்.

ஏன் என்று பார்க்க, ஜான் டீர் மாடல் ஏ தோதான வண்டி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வாட்டர்லூ ஆலையில் 1934 முதல் 1952 வரை தயாரான இரண்டு சிலிண்டர் டிராக்டர் இது. சோள வரிசைகளுக்கு நடுவே போக வசதியாக, முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒட்ட வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று சக்கர வண்டி என்றே நினைப்போம். இதன் ஸ்டியரிங்கில் ஒளிவு மறைவு குறைவு. ஓட்டுநர் கையிலிருந்து புறப்படும் நீண்ட தண்டு என்ஜின் மூடிக்கு மேலாகவே ஓடி வண்டியின் மூக்கைத் தொடுகிறது. அங்கே தண்டின் முனையில் வார்ம், அதாவது மரை வெட்டிய குட்டி உருளை. அது படுக்கைவாட்டில் கிடக்கும் ஒரு பல்சக்கரத்தைத் திருப்புகிறது. பல்சக்கரம் செங்குத்தான தடித்த தண்டின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தண்டின் அடியில் முன் சக்கரங்கள். அவ்வளவுதான் முழு ஏற்பாடும்.

ஒற்றை மரை வார்ம் ஒரு முழுச்சுற்று சுற்றினால் பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். கையின் சின்ன விசை பெரிய முறுக்கு விசையாக மாறுவது இப்படித்தான். இன்னொரு லாபமும் உண்டு. மரையின் சாய்வு குறைவாக இருந்தால், வார்ம் பல்சக்கரத்தைத் திருப்பலாம், பல்சக்கரம் வார்மைத் திருப்ப முடியாது. உராய்வு தடுத்துவிடும். முன் சக்கரம் கல்லில் மோதினாலும் அந்த உதை கைக்கு வராது. ஆனால் சாய்வை ரொம்பக் குறைத்தால் ஒரு திருப்பத்துக்குக் கை வலிக்கச் சுற்ற வேண்டும், கூட்டினால் உதை திரும்பி வரும். அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நின்றார்கள். பழைய டிராக்டர் ஓட்டுகிறவர்கள் கட்டைவிரலை வீலின் கம்பிகளுக்குள் விடக் கூடாது என்று சொல்வது இந்த உதைக்குப் பயந்துதான்.

இப்போது தேய்மானத்துக்கு வருவோம். உழவு வண்டி பெரும்பாலான நேரம் நேராகவே போகிறது. வரப்பு வந்தால்தான் முழுசாகத் திரும்பும். எனவே பல்சக்கரத்தில் நேர்நிலைக்கு உரிய இரண்டு மூன்று பற்கள்தான் வருடக்கணக்கில் அடி வாங்குகின்றன. ஓரத்துப் பற்கள் கிட்டத்தட்டப் புதுசாகவே இருக்கும். இந்த நிலையில் நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், வீலை ஒடிக்கும்போது தேயாத பற்கள் வார்முக்குள் சிக்கித் திணறும். திருப்பிய வண்டி நேராகத் திரும்பாமல் நிற்பதைவிட, தளர்வான ஸ்டியரிங் எவ்வளவோ மேல்.

வார்மின் கதை வேறு. அது இருந்த இடத்திலேயே சுழல்வதால், எந்தக் கோணத்திலும் அதன் நடு மரைதான் வேலை செய்கிறது. அதன் தேய்மானம் எல்லா நிலைகளிலும் தெரியும். ஆகவே கழற்றும் முன்பே ஒரு பரிசோதனை செய்யலாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வீலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்லச் சுற்றிப் பாருங்கள். நடுவில் மட்டும் தளர்வு என்றால் பல்சக்கரம். எங்கும் தளர்வு என்றால் வார்ம், இல்லாவிட்டால் அதன் பேரிங். ஒருவர் வீலை ஆட்ட, இன்னொருவர் வார்மும் பல்சக்கரமும் இருக்கும் கூட்டின் அருகே நின்று தண்டு முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்த்தால் பேரிங் விஷயம் அப்போதே தெரிந்துவிடும். செங்குத்துத் தண்டைத் தாங்கும் வளையங்களான புஷ்களையும் பார்த்துவிட வேண்டும். பற்களில் வெறும் 1 டிகிரி இடைவெளி, ஸ்டியரிங் விகிதம் 16 (வீல் 16 டிகிரி சுற்றினால் பல்சக்கரம் 1 டிகிரி திரும்பும்) என்று வைத்துக்கொண்டால், கையில் 16 டிகிரி ஆட்டமாகத் தெரியும்.

கழற்றுவதில் முதல் சண்டை ஸ்டியரிங் வீலோடுதான். துரு பிடித்துத் தண்டோடு ஒன்றிப்போயிருக்கும். தண்டின் தலையில் சுத்தியலால் அடித்தால் மரை மழுங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு நாள் விட்டு, புல்லர் என்ற இழுப்புக் கருவி போட்டு இழுப்பதே நல்லது. கூட்டைச் சூடாக்கும்போதும் நிதானம் வேண்டும். வார்ப்பிரும்பை ஒரே இடத்தில் காய்ச்சினால் விரிசல் விடும். பல்சக்கரத்தைக் கழற்றும் முன் முன் சக்கரங்களுக்கு அடியில் முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது அந்தச் சக்கரங்களின் கனம் மொத்தமும் மேலே பல்சக்கரத்தில்தான் தொங்குகிறது.

மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புச் சேறு இருக்கும். எண்ணெயைத் தடுக்கும் வளையமான சீல் கசிகிறது என்பதற்காக முந்தைய உரிமையாளர்கள் கெட்டி கிரீஸை அடைத்திருப்பார்கள். பல் அதை ஒருமுறை விலக்கிவிட்டால் அது திரும்பி வராது, அப்புறம் இரும்பும் இரும்பும்தான் உரசும். தடித்த கியர் ஆயிலோ, வழிந்தோடும் 00 தர கிரீஸோதான் இங்கே சரி. பழைய சீலை எடுத்துவிட்டுப் புது ரப்பர் சீல் போட்டால் ஆயில் தங்கும், மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காது.

சரி, தேய்ந்த பல்? மாடல் ஏ-யின் பல்சக்கரம் முழு வட்டம். இடமும் வலமும் சேர்த்தாலும் ஸ்டியரிங்குக்குத் தேவைப்படுவது அரை வட்டத்துக்கு மேல் இல்லை. பின்பாதிப் பற்கள் சும்மாவே இருக்கின்றன. பல்சக்கரம் தண்டில் ஸ்ப்ளைன் எனப்படும் நீளவாட்டு வரிப்பள்ளங்களில்தான் உட்கார்கிறது என்பதால், அதை உருவி எடுத்து அரைச்சுற்று திருப்பி மாட்டினால் புதுப் பற்கள் நேர்நிலைக்கு வந்துவிடும். காசு செலவில்லாத இந்த வைத்தியம் அமெரிக்கப் பழைய டிராக்டர் பிரியர்களிடையே பிரசித்தம். முழு வட்டத்துக்குப் பதிலாக வெறும் வில் போன்ற துண்டுப் பல்சக்கரம் வைத்த வண்டிகளில் இந்த வழி கிடையாது. அங்கே புதுசு வாங்க வேண்டியதுதான். எனக்குக் கேட்டால், கொஞ்சம் கூடுதல் இரும்பைச் செலவழித்து முழு வட்டமாகச் செய்தவர்கள் பக்கம்தான் என் ஓட்டு.

திரும்ப மாட்டும்போது முதலில் வார்மின் முன்பின் நகர்வை, சிம் எனப்படும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் போக்க வேண்டும். தண்டு நகரவும் கூடாது, விரலால் சுழற்றும்போது இறுகவும் கூடாது. அதன் பிறகே பற்களின் இடைவெளி. இந்த வரிசையை மாற்றினால் பேரிங்கின் ஆட்டத்தைப் பல்லின் ஆட்டம் என்று எண்ணி இறுக்கிவிடுவோம். பற்களில் நீலச் சாயத்தைத் தடவிச் சுற்றினால் எங்கே உரசுகிறது என்று தெரியும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். கடைசியாக, ஜாக்கியை இறக்கும் முன்பே இரண்டு ஓரங்களுக்கும் முழுசாகச் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் கொஞ்சம் தளர்த்துங்கள், நடுவில் சிறிது ப்ளே மிஞ்சினாலும் பரவாயில்லை.