ஈடுபாடா, பங்கேற்பா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர், ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஷாப் ஸ்டூவர்ட், அதாவது அங்குள்ள தொழிலாளர்களின் சங்கப் பிரதிநிதி. டீ அறைச் சுவரில் நிர்வாகம் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கைபேசியில் காட்டி, 'எம்ப்ளாயி இன்வால்வ்மென்ட்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டார். "பணியாளர் ஈடுபாடு" என்றேன். "அது கோயிலுக்குச் சொல்வதல்லவா?" என்றார்.

அவர் சொன்னது சரி. ஈடுபாடு என்பது மனம் ஒன்றில் தோய்வது. ஈடுபாட்டோடு நாளெல்லாம் காலர் தைக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை காலர் என்று முடிவு செய்பவர் வேறொருவராகவே இருப்பார். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'உள்ளே சுருட்டுதல்' என்று பொருள். இதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார்: "சுருட்டத்தான் பார்க்கிறார்கள்."

இந்தச் சந்தேகம் பழையது. 1973 டர்பன் வேலைநிறுத்தங்களுக்குப் பின் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்கென்று அரசு கொண்டுவந்த தொடர்புக் குழுக்களில் பாதிப் பேர் வரை முதலாளியே நியமிக்கலாம் என்றிருந்தது. சங்கத்துக்கு மாற்றாக ஒரு பொம்மை என்று தொழிற்சங்கத்தினர் அவற்றை எதிர்த்தார்கள். 1995-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில், தொழிலாளர்களின் பிரதிநிதிகள் நிர்வாகத்தோடு பேசும் பணியிட மன்றம் அமைக்க வழி செய்தது. பெரும்பான்மைச் சங்கம் விண்ணப்பித்தால்தான் மன்றம் என்று காப்பும் வைத்தது. ஆனாலும் மன்றம் சங்கத்தை ஓரங்கட்டிவிடும் என்ற அச்சம் போகவில்லை. அமைந்த மன்றங்கள் மிகச் சில.

சட்டமே இரண்டு படிகளைப் பிரிக்கிறது. ஆலை மூடல், ஆட்குறைப்பு, புதிய எந்திரம் போன்றவற்றில் முதலாளி கலந்து பேசவேண்டும்; உடன்பாடு வராவிட்டால் காரணம் சொல்லிவிட்டுத் தன் முடிவை நிறைவேற்றலாம். ஒழுங்கு விதிகள் போன்ற சிலவற்றில் மட்டும் மன்றத்தின் சம்மதம் வேண்டும். வயிற்றில் அடிப்பவை எந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று ஸ்டூவர்டுகள் பார்க்காமலா இருப்பார்கள்? முதல் படிக்குக் கலந்தாலோசனை என்ற சொல் போதும். இரண்டாவதற்குத்தான் பங்கேற்பு பொருந்தும்.

பங்கு, பகு என்னும் வேரில் பிறந்தது. பங்காளியும் அந்தக் குடும்பம்தான். பங்காளிக்குச் சொத்தில் உரிமை உண்டு, சண்டை போடவும் உரிமை உண்டு. ஸ்டூவர்டுகள் கேட்பது இதைத்தான்.

(ஷாப் ஸ்டூவர்ட் என்பதில் 'ஷாப்' கடை அன்று, பட்டறை. தொழிற்சங்கப் பிரதிநிதி என்று எழுதலாம். டர்பனில் அப்படிச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.)

அறிவிப்பைக் கடைசிவரை படித்தேன். ஷிப்ட் நேரம் திங்கள் முதல் மாறுகிறது என்று தேதியும் அச்சாகியிருந்தது. அக்கா தன் நோட்டில் 'தகவல்' என்று எழுதிக்கொண்டார்.