ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்பதில்லை

இடுக்கி மலையில் ஓர் அரசு மருத்துவமனையின் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். கேரளத்தில் இந்த மையத்துக்கு ஜ்யோதிஸ் என்று பெயர். மலைக்குக் கீழே கம்பம், போடிப் பக்கம் நம்பிக்கை மையம் என்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்யும் தமிழர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அம்மா தனியாக வந்தார். "எதுக்கும்மா டெஸ்ட் எடுக்கணும்?" என்று கேட்டேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போய்விட்டார், திரும்பி வரவே இல்லை. 'என்ன தப்பு செய்தாய்' என்றுதான் அவர் காதில் அது விழுந்திருக்கும். இப்போதெல்லாம் எந்த ஊர், ஜீப் எத்தனை மணிக்கு, சாப்பிட்டாச்சா என்றுதான் தொடங்குகிறேன். ஆபத்து எந்த அளவு என்று பேசத்தான் வேண்டும், ஆனால் அது அப்புறம்.

இத்தனை வருடத்தில் பார்த்த வரை, தனக்காகப் பயந்து வருகிறவர்கள் குறைவு. இன்னொருவருக்காகத்தான் வருகிறார்கள். மாசமாக இருக்கிற பெண் குழந்தைக்காக வருகிறார். தொற்று உள்ள தாய்க்கு சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். ஒழுங்காக மருந்து எடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். இருமலுக்கு வந்து காசநோய் என்று தெரிந்தவரை மருத்துவரே அனுப்பி வைப்பார். கல்யாணம் பேசி முடித்த பையன் யாருக்கும் சொல்லாமல் வருவான்.

ஒரு பெண், அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன், கணவர் இறந்து இரண்டு வருடம் கழித்து வந்தார். மஞ்சள்காமாலையில் போனதாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். "எனக்கு வேணாம் சிஸ்டர், புள்ளைக்குப் பாருங்க" என்றார். இருவருக்கும் பார்த்தோம். மகளுக்கு இல்லை, அவருக்கு இருந்தது. தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், களையெடுக்கவும் போகிறார். மகளுக்காக வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பேன்.

வராமல் இருக்கிறவர்களுக்கு நோயைப் பற்றித் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுடைய பயம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு சுவர் தாண்டினால் அடுத்த வீடு, ரகசியம் எங்கே தங்கும்? அதனால் எங்கள் பக்கத்து ஆள் தேனிக்கு இறங்குவார், கம்பத்து ஆள் குமுளி வழியாக இங்கே ஏறி வருவார். ஒரு நாள் கூலி போய்விடும். சரி, போகட்டும், அப்படியாவது வரட்டும் என்பேன். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, உங்கள் சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. வேலை கொடுக்க இந்தச் சான்று வேண்டும் என்று எந்த முதலாளியும் கேட்க முடியாது.

ஒரே பரிசோதனையை வைத்து 'இருக்கிறது' என்று சொல்லிவிட மாட்டோம். மூன்று வெவ்வேறு கருவிகளில் பார்த்தே உறுதி செய்வோம். 'இல்லை' என்று வந்தாலும், ஆபத்தான தொடர்பு சமீபத்தில்தான் என்றால் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் தடுப்பு மருந்தே உண்டு, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த 3 மாதத்துக்குக் காத்திருக்காமல் உடனே வாருங்கள். தொற்று இருப்பவர்கள் தினமும் சாப்பிட வேண்டிய கூட்டு மருந்து 2004-லிருந்து அரசு மையங்களில் இலவசம். தொடர்ந்து சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாக அது துணைக்குப் பரவாது. இதைச் சொல்லும்போதுதான் பலர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நேரில் வரத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097-க்கு அழைத்துப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. வருவதென்றால் காலையிலேயே வந்துவிடுங்கள். மத்தியான ஜீப்புக்குள் பெரும்பாலும் முடிவு சொல்லிவிடுவோம்.