ட்ரான்ஸ்போஸ் பட்டனை அணைத்துவிட்டு ஸ்கேல் மாற்ற முடியுமா?

சி ஸ்கேலில் ஒரு பாட்டைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறவரிடம் "இதையே ஈ ஃப்ளாட்டில் வாசியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கை நேராக கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பட்டனுக்குப் போகும், அதாவது எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும் பட்டனுக்கு. +3 வைத்தால் வேலை முடிந்தது. கிட்டார் என்றால் மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரு கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப். புதிதாகக் கற்பவர்கள் மட்டுமல்ல, வருடக்கணக்காக வாசிப்பவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

பட்டன் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அது எதை மறைக்கிறது என்பதுதான் பிரச்சினை. +3 வைத்து சி பிடிக்கிறவருக்குக் காதில் கேட்பது ஈ ஃப்ளாட், வாயில் வருவதோ "சி". பக்கத்தில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் அதை நம்பி சி-யில் ஆரம்பித்தால் முதல் அடியிலேயே இடிக்கும். சாதாரண பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாலோ, அந்தப் பட்டனும் கிடையாது.

கேப்போ வைத்திருப்பவர்களும் தப்பிக்க முடியாது. கேப்போ சுருதியை ஏற்றும், இறக்காது. ஜி-யில் இருக்கும் பாட்டு பாடகிக்கு ஒரு டோன் அதிகம், எஃப்-க்கு இறக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? டி ஸ்கேலின் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) மூன்றாவது ஃப்ரெட் கேப்போவோடு பிடித்தால் எஃப் ஒலிக்கும். ஆனால் ஜி-யில் தெரிந்த பாட்டை டி-யில் பிடிக்கத் தெரிந்தால்தானே இது நடக்கும்? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

அடிப்படை ஒன்றுதான். ஒரு ச-விலிருந்து அடுத்த மேல் ச வரையுள்ள ஆக்டேவில் 12 செமிடோன்கள்; ஒரு கட்டையிலிருந்து ஒட்டிய அடுத்த கட்டைக்கு (கறுப்போ வெள்ளையோ) உள்ள தூரம் ஒரு செமிடோன். மேஜர் ஸ்கேல் என்பது அவற்றில் 2-2-1-2-2-2-1 என்ற இடைவெளிகளில் ஏறுவது. சங்கராபரணம் பாடியவருக்கு இது புதிதே அல்ல. ச எங்கே நின்றாலும் ரி, க, ம எல்லாம் அதிலிருந்து அதே தூரத்தில் நிற்கும். கார்டுகளும் அப்படித்தான். ஸ்கேலின் ஸ்வரங்களுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்தால், மேஜர் ஸ்கேலில் 1, 4, 5-இல் தொடங்குபவை மேஜர் கார்டுகள், 2, 3, 6 மைனர், 7 டிமினிஷ்ட்.

இப்போது சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று போகும் பாட்டை எடுங்கள். அது 1-5-6-4. ஜி ஸ்கேலில் ஜி, டி, ஈ மைனர், சி. ஈ ஃப்ளாட்டில் ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட், சி மைனர், ஏ ஃப்ளாட். ஒவ்வொரு கார்டுக்கும் மூன்று செமிடோன் எண்ணி ஏற்றினாலும் இதே விடைதான் வரும். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணிக்கொண்டிருக்க முடியாது. எண் தெரிந்தவர் எண்ணுவதில்லை, "ஐந்துக்குப் போகிறோம்" என்று காதால் கேட்கிறார். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் ஸ்டூடியோக்களில் ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மாத்யூஸ் கார்டுகளை எண்களாக எழுதத் தொடங்கியதும் இந்த வசதிக்காகத்தான். பாடகர் ஸ்கேலை மாற்றினாலும் தாளை மாற்ற வேண்டாம்.

சரி, எந்த எண் மேஜர், எது மைனர் என்ற அந்த அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதுமா? போதாது. பலர் வழுக்குகிற இடம் இனிமேல்தான் வருகிறது.

சி ஸ்கேல் பாட்டில் ஏ மைனருக்கு முன்னால் ஈ மேஜர் வருவது சகஜம். அட்டவணைப்படி 3 மைனர்தானே என்று, ஜி-க்கு மாற்றும்போது பி மைனர் போட்டுவிடுகிறார்கள். வர வேண்டியது பி மேஜர். ஸ்கேலுக்கு வெளியே இருந்து ஒரு ஸ்வரத்தை வேண்டுமென்றே இழுத்து வந்து அடுத்த கார்டுக்குத் தள்ளிவிடுகிற கார்டு அது. அதைத் "திருத்தினால்" பாட்டின் உயிரே போய்விடும். அதனால் தாளில் வெறும் 3 என்று எழுதாமல் "3 மேஜர்" என்று எழுதுங்கள்.

கார்டுக்குக் கீழே வேறொரு பேஸ் ஸ்வரத்தைக் குறிப்பிடும் ஸ்லாஷ் கார்டும் அப்படித்தான். ஜி ஸ்கேலில் டி கார்டுக்குக் கீழே பேஸில் எஃப் ஷார்ப் வருகிறது. சி-க்கு மாற்றும்போது கார்டை ஜி ஆக்கிவிட்டு பேஸை எஃப் ஷார்ப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். பேஸும் நகர வேண்டும், பி-க்கு.

பெயரிலும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். டி ஸ்கேலின் மூன்றாவது ஸ்வரம் எஃப் ஷார்ப். ஜி ஃப்ளாட் என்று எழுதினாலும் பியானோவில் அதே கட்டைதான். ஆனால் டி, ஈ-க்கு அடுத்த எழுத்து எஃப். அதைத் தாண்டிவிட்டால் நாலாவதாக வர வேண்டிய ஜி-யோடு மோதி, எண்கள் குழம்பிப்போகும்.

அப்புறம், எந்த ஸ்கேலுக்கு மாற்றுவது என்ற கேள்வி. இதைக் கவனிக்காமல் விட்டால் அடி வாங்குவது தொண்டை. பல்லவியின் முதல் வரியை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு "இது ஓகே" என்று முடிவு செய்கிறார்கள். பாட்டின் உச்சம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை, சரணத்தில் எங்கோ ஒளிந்திருக்கும். முதலில் அந்த உச்ச ஸ்வரத்தையும், அடியில் இருக்கிற ஸ்வரத்தையும் கண்டுபிடியுங்கள். உச்சத்தைப் பாடகர் கத்தாமல் நாலைந்து முறை திரும்பத் திரும்பப் பாட முடிகிறதா என்று பார்த்து ஸ்கேலை வையுங்கள். ஒரிஜினல் ஸ்கேலில் பாடினால்தான் மரியாதை என்கிற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஒரிஜினல் ஸ்கேல் அதைப் பாடியவரின் குரலுக்காக வைத்தது.

பழகுவதற்கு ஒரே ஒரு தெரிந்த பாட்டு போதும். அதை எண்களில் எழுதி, சி-யிலிருந்து முதலில் ஜி-க்கோ எஃப்-க்கோ போங்கள். இரண்டிலும் ஒரே ஒரு ஸ்வரம்தான் மாறும். அப்புறம் டி, பி ஃப்ளாட். ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் எல்லாம் மெதுவாக வரட்டும். மேடையில் திடீரென்று ஸ்கேல் மாறினால் பட்டனைத் தாராளமாக அழுத்துங்கள். ஆனால் மற்றவர்களிடம் ஒலிக்கிற ஸ்கேலின் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த பாட்டுக்கு முன்னால் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.